டான்ஸ் ஹால் மேசை

போன வாரம் மழை பிடித்துக்கொண்ட அன்று மதியம் நான் பட்டறைக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று உங்களில் யாரோ முனகியது காதில் விழுந்தது. காது நன்றாகத்தான் இருக்கிறது, முழங்கால்தான் போய்விட்டது. நீங்கள் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு அந்தப் பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்தீர்கள். ஒருவர் மூக்கைச் சுளித்தார். இன்னொருவர், "ஏனுங்க, இன்னைக்கு யாரு கருவாடு கொண்டாந்தது?" என்றார். அவ்வளவுதான், எல்லாருடைய முகமும் உப்புத்தாள் தேய்க்கிற பெண்கள் உட்கார்ந்திருந்த மூலைக்குத் திரும்பியது. அந்தப் பெண்கள் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதே சொல்லியிருப்பேன். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற சமாசாரம் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன். புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் எல்லாரும் படியுங்கள். பழைய ஆட்களும் படிக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

முதலில் நம் தொழிலைப் பற்றி. நான் தொழிலுக்கு வந்த எழுபதுகளில் ஏற்காட்டில் நாற்காலி வாங்குகிறவர் அதன்மேல் கையால் தடவிப் பார்ப்பார். ஒரு சிராய்ப்பு தட்டுப்பட்டால், "என்னங்க மேஸ்திரி, மாடு நக்கின மாதிரி இருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இழைத்து இழைத்தே என் இளமை போயிற்று. பிறகு எண்பதுகளில் மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்து மலையில் பங்களா கட்ட ஆரம்பித்தார்கள். அவர்கள் வீட்டு வாசலில் புதுக் கார் நிற்கும், கையில் புது வாட்ச் இருக்கும். மேசை மட்டும் பழசாக வேண்டும். ஆணி ஓட்டை வேண்டும், வெடிப்பு வேண்டும், புழு அரித்த தடம் வேண்டும். முன்பு எதற்கெல்லாம் திட்டு வாங்கினேனோ அதற்கெல்லாம் இப்போது முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். நானும் இழைப்புளியைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். இடித்த பங்களா, சரிந்த கூலிக்காரர் லைன் வீடு, காற்றில் கூரை போன கொட்டகை என்று பழைய மரம் எங்கே கிடந்தாலும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ஆரம்பத்தில் நான் யோக்கியனாகத்தான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் அம்மா ஒருவர் நான் செய்த பெஞ்சு ஒன்றைப் பார்த்து உருகிப்போனார். உட்கார்ந்தார், சாய்ந்தார், கன்னத்தை வைத்துப் பார்த்தார். "எந்த வீட்டு மரம் இது?" என்று கேட்டார். நான் வெள்ளந்தியாக, "மஞ்சக்குட்டையில ஒரு மாட்டுக்கொட்டாயிங்கம்மா" என்றேன். அடுத்த நொடி கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. அந்தப் பெஞ்சில் வாடை என்று ஒன்று கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அந்த அம்மா படி இறங்குகிறவரை கைக்குட்டையை எடுக்கவில்லை.

அன்றோடு எனக்குப் புத்தி வந்தது. அதற்குப் பிறகு என் பட்டறைக்கு வந்த ஒவ்வொரு பலகையும் வெள்ளைக்காரத் துரை பங்களாவிலிருந்துதான் வந்தது. நான் விற்ற மரத்தையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால், சேர்வராயன் மலையில் மரத்துக்கு ஒரு துரை வீதம் குடியிருந்திருக்க வேண்டும்.

இனி இந்த மேசைக்கு வருகிறேன்.

செம்மநத்தம் போகிற வழியில் ஒரு எஸ்டேட். அங்கே பழம் உரிக்கிற மிஷின் கொட்டகையில் பெரிய மரத்தொட்டி ஒன்று இருந்தது. உரித்த காப்பிக் கொட்டையில் ஒட்டியிருக்கும் கொழகொழப்புப் போவதற்காக அதை ஊறப்போட்டுக் கழுவுகிற தொட்டி. எத்தனையோ வருடங்கள் உழைத்த பிறகு சிமெண்டுத் தொட்டி கட்டிவிட்டு மரத்தொட்டியைப் பிரித்துப் போட்டார்கள். எஸ்டேட் ரைட்டர் எனக்குச் சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தால் எல்லாம் தேக்கு, மூன்று விரல் கனம். ஒரு கோடை முழுக்க வெயிலில் காய்ந்து எலும்பாகக் கிடந்தது. மோந்து பார்த்தேனா என்று கேட்காதீர்கள். மலையில் பிறந்தவன் காப்பித் தொட்டியை மோந்து பார்ப்பானா? பழம் எடுக்கிற மாதங்களில் இந்த மலை முழுக்க அந்தப் புளித்த வாடைதான். அது எங்களுக்கு வாடையே இல்லை, மார்கழி வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தப் பலகைகளைத்தான் வெள்ளக்கடைப் பக்கம் பங்களா கட்டியிருந்த மெட்ராஸ் ஐயா வந்து பார்த்தார். பெரிய கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய சாமான் என்றால் உயிர். பட்டறையில் அவருக்குப் 'பழசு ஐயா' என்று பெயர் வைத்திருந்தோம். பலகையில் அரைவட்டம் அரைவட்டமாகக் கீறல்கள் இருந்தன. கொட்டையைக் கிளறிவிடுகிற மரக்கட்டை உரசி உரசி விழுந்தவை. அவர் அந்தக் கீறலை விரலால் தொட்டார்.

"மேஸ்திரி, இது எங்கேருந்து வந்தது?"

எனக்குப் பெங்களூர் அம்மாவின் கைக்குட்டை கண்முன் வந்தது. "துரை பங்களாவுல டான்ஸ் ஹாலுங்கய்யா. தரைப் பலகைங்க."

"இந்த வளைஞ்ச கீறல்?"

"துரைசானிங்க குதி உசந்த செருப்புங்க. சுத்திச் சுத்தி ஆடுனதுங்க."

"இந்தக் கறுப்புத் திட்டு?"

"ஒயினுங்க. கை தவறிக் கொட்டியிருக்குமாட்டம் இருக்குதுங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. வெள்ளைக்காரன் கப்பல் ஏறியபோதுகூட இந்த நாட்டில் யாரும் அப்படிக் கலங்கியிருக்க மாட்டார்கள். பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை, அங்கேயே ஆர்டர் ஆயிற்று.

எங்கள் பாலிஷ்காரர் காளியப்பன் மட்டும் ஐயாவிடம் சொல்லிப் பார்த்தார். "ஒரு கோட்டு பாலிஷாச்சும் குடுத்துரலாமுங்க. இல்லீனா மழைக்கு மரம் தண்ணி குடிக்குமுங்க."

"நோ பாலிஷ்!" என்றார் ஐயா. "மரம் மூச்சு விடணும்ப்பா."

காளியப்பன் என்னைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்துத் தலையாட்டினேன். கண்ணுகளா, வாடிக்கையாளர் தப்பான ஒன்றைச் சொல்லும்போது உங்கள் கழுத்து தானாக ஆடும். அந்த ஆட்டத்தை நிறுத்திப் பழகுங்கள். நான் நிறுத்தவில்லை.

மாசி மாதத்தில் மேசை போய்ச் சேர்ந்தது. கோடையில் விருந்தாளிகள் வந்து குவிந்தார்கள். மே மாதம் ஒரு நாற்காலிக் காலைச் சரிசெய்யப் போயிருந்தேன். ஐயா விருந்தாளிகளுக்கு மேசையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கொடுத்தது செருப்பின் குதிகால் மட்டும்தான். அவர் அதற்குக் கால் வைத்து, கவுன் தைத்து, முகம் வைத்து, எலினார் என்று பெயரும் வைத்திருந்தார். அந்த எலினாருக்கும் ஒரு ராணுவக் கேப்டனுக்கும் காதல். ஒயின் கொட்டியது, கேப்டன் யுத்தத்துக்குப் போகிறான் என்ற சேதி வந்தபோது கை நடுங்கியதால். ஒரு விருந்தாளி அம்மா அந்தக் கறையைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் நாற்காலிக்கு அடியில் குனிந்து படுத்துக்கொண்டு ஆணியை வாயில் கவ்விக்கொண்டேன். இல்லாவிட்டால் சிரித்திருப்பேன்.

அந்தப் பங்களாவில் சமையலுக்கு இருந்தவர் ஆரோக்கியம். எங்கள் மாதா கோயில்காரர்தான், ஞாயிறு பூசையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவார். புருஷன் இறந்துவிட்டார். அதுவரை எஸ்டேட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், பங்களா பின்னால் ஒரு ரூம் தருகிறார்கள் என்பதற்காகவே இந்த வேலைக்கு வந்தார். இரண்டு பெண் குழந்தைகள், மிஷன் பள்ளியில் படித்தார்கள். வேலை போனால் ரூமும் போகும், ரூம் போனால் பள்ளிக்கூடமும் போகும். அவருக்கு இருந்தது அந்த ஒரு கூரைதான்.

ஆனி மாதம் மழை இறங்கியது. நாலாம் நாள் ஐயாவின் டிரைவர் பட்டறைக்கு வந்து, "ஐயா உடனே வரச்சொன்னாருங்க, ஊட்டுக்குள்ள ஒரே நாத்தமுங்க" என்றார்.

போனேன். ஜன்னலெல்லாம் பனி அடைத்துக்கொண்டு நின்றது. முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மேசை இணைப்பில் மூக்கை வைத்தேன். ஈரம் ஏறியிருந்த பலகைக்குள்ளிருந்து புளித்த காப்பிச் சக்கை வாடை, தை மாதத்துத் தொட்டிக்குள் தலையை விட்ட மாதிரி, குப்பென்று வந்தது. மரம் மூச்சு விடுகிறது, ஐயா கேட்டபடியே.

நிமிர்ந்தேன். ஐயா நிற்கிறார். சமையற்கட்டு வாசலில் கையில் துணியோடு ஆரோக்கியம் நிற்கிறார்.

"எனக்குத் தெரியும், கிச்சன்லேருந்துதான் வருது" என்றார் ஐயா. "மேசையில ஏதாவது இருக்கா, சொல்லு."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் டான்ஸ் ஹால் மரத்தில் கட்டிலும் அலமாரியும் சொல்லியிருந்தார்கள். பட்டறையில் ஆறு குடும்பம். இதெல்லாம் இப்போது நினைத்துப் பார்த்து அடுக்குகிறேன். அன்று எனக்கு இருந்தது பயம், வேறொன்றும் இல்லை.

"மேசையில ஒண்ணுமில்லீங்கய்யா. காத்து சமையக்கட்டுப் பக்கமிருந்து வருதாட்டம் இருக்குதுங்க" என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஆரோக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு அந்த வீட்டில் விசாரணை நடந்தது. முதல் வாரம் கருவாட்டுக்குத் தடை, அவர் ரூமில்கூடச் சமைக்கக் கூடாது. கருவாடு போயும் வாடை போகவில்லை. அடுத்துப் பூண்டு. பிறகு வெங்காயம். பிறகு அவர் வளர்த்த இரண்டு கோழிகள் நாடு கடத்தப்பட்டன. சாக்கடைக்குப் பினாயில், மூலைக்கு மூலை ஊதுபத்தி. கடைசியில் ஐயா ஒரு உத்தரவு போட்டார்: காலையும் மாலையும் மேசையைக் கொதிக்கிற வெந்நீர் விட்டுத் துடைக்க வேண்டும். வெந்நீர் விட விட மரம் இன்னும் ஊறும், ஊற ஊற இன்னும் நாறும். வாடை கூடக் கூட, இவள் சரியாகத் துடைப்பதில்லை என்று ஆரோக்கியத்துக்குத் திட்டும் கூடியது.

நான் என்ன செய்தேன்? வெள்ளக்கடைப் பக்கம் போவதையே நிறுத்தினேன். கோயிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் இடம் மாற்றிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில் கோபம் வந்தது, பொய் சொன்னது, கெட்ட வார்த்தை பேசியது என்று பொதுப்படையாக ஒப்பித்தேன். மரத்தைப் பற்றிச் சாமியாரிடம் மூச்சு விடவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து ஆரோக்கியமே தூணைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மேஸ்திரி, தீபாவளிக்கு ஐயா ஊட்டுக்கு சம்பந்தி ஊட்டுக்காரங்க வர்றாங்களாமுங்க. அவிங்க போனதும் ரூமக் காலி பண்ணச் சொல்லிட்டாருங்க. புள்ளைங்க பரிச்சை முடியற வரைக்குமாச்சும் இருந்துக்கறமுங்கன்னு கேட்டுப் பாத்தனுங்க, முடியாதுன்னுட்டாருங்க. உங்களுக்கு நாலு பங்களா பழக்கமாச்சே, எங்காச்சும் சமையல் வேல இருந்தாச் சொல்லுங்க."

"பாக்கறனுங்க" என்றேன். வெட்கம் கெட்டவன், பார்க்கிறேன் என்று சொன்னேன்.

மறுநாள் ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். இணைப்பு விட்டிருக்கும், பட்டறைக்குக் கொண்டுவந்து சரிசெய்து தருகிறேன் என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பினேன். நன்றாகக் காயவைத்து, நாலு கோட்டு பாலிஷ் அடித்து, கமுக்கமாகத் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைப்பு. "எலினார் மேல எவனும் கை வைக்கக் கூடாது" என்று பதில் வந்தது. நான் பெற்ற பொய் இப்போது எனக்கே கதவைச் சாத்துகிறது. இனி குறுக்கு வழி இல்லை என்று தெரிந்தது.

தீபாவளிக்கு மறுநாள் மதியம் போனேன். மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். எல்லார் முகத்திலும் மரியாதைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற களை. ஐயா எலினாரின் கதையில் பாதியில் இருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றேன்.

"ஐயா, மன்னிக்கணுமுங்க. இந்த வாடை சமையக்கட்டுது இல்லீங்க. மேசையோடதுங்க. இது டான்ஸ் ஹால் பலகையும் இல்லீங்க, காப்பிக்கொட்ட ஊறப்போடற தொட்டிங்க. நான் பொய் சொல்லிட்டனுங்க."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். சம்பந்தி பக்கம் திரும்பி, "பாருங்க, இந்த மலை ஆளுங்களுக்கு அவங்ககிட்ட இருக்கற பொக்கிஷத்தோட அருமை தெரியாது. மேஸ்திரி அடக்கமா பேசறார்" என்றார். பொய்யை ஒரு நிமிடத்தில் நம்பியவர் உண்மைக்குச் சாட்சி கேட்கிறார்!

"அப்படீனா ஒரு கெண்டி வெந்நீர் குடுக்கச் சொல்லுங்கய்யா" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை. ஆரோக்கியம் கெண்டியோடு வந்துவிட்டார். ஆவி பறக்கிற தண்ணீர். என் கையில் கொடுத்துவிட்டு, விருந்தாளிகளின் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்துக்கு நகர்த்தினார். நான் எலினாரின் செருப்புக் கீறல்மேல் மொத்தத்தையும் ஊற்றினேன்.

கண்ணுகளா, அந்த வாடை எழும்பியதை எழுத எனக்குத் தெம்பில்லை. அது ஆவியோடு உத்தரம்வரை போயிற்று. சம்பந்தி அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். மாப்பிள்ளைத் தம்பி பின்னாலேயே ஓடினார். ஐயா மட்டும் அசையவில்லை. குனிந்து மேசையை மோந்தார். நிமிர்ந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. அந்த ஒரு கணம் அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஊரெல்லாம் சொல்லிய எலினார் ஒரே நிமிடத்தில் போய்விட்டாள் அல்லவா.

"எடுத்துட்டுப் போ" என்றார்.

"எடுத்துட்டுப் போயிடறனுங்க. ஆரோக்கியத்து மேல ஒரு தப்புமில்லீங்க. அதை எல்லாரும் கேக்கச் சொல்லிட்டுப் போயிடறனுங்க."

அவர் ஆரோக்கியத்தைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "நீ இருந்துக்கோ" என்று மட்டும் சொன்னார். கோழிகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

கட்டில், அலமாரி ஆர்டர்கள் மறுநாளே போயின. ஒரு மழைக்காலம் முழுக்கப் பட்டறை தட்டுத் தடுமாறியது. அதற்கடுத்த வருடம் ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்து, "காப்பித் தொட்டியில மேசை செய்வீங்களாமே, அந்த வாடையோட எனக்கும் ஒண்ணு வேணும்" என்றார். அவரைக் காளியப்பனிடம் தள்ளிவிட்டு நான் பின்வழியாக நழுவினேன்.

வெந்நீர் ஊற்றிய அன்று மதியத்துக்குத் திரும்புகிறேன். மேசையை ஜீப்பில் ஏற்ற ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியம் பின்வாசல் வழியாக டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தார். நான் உள்ளுக்குள் கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன், மறைப்பானேன். அந்தம்மா வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவன் அல்லவா, இரண்டு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன்.

"வெந்நீர் அதுக்குள்ள எப்படிங்க ரெடியா இருந்தது?" என்று கேட்டேன்.

"உங்களப் படியில பாத்ததுமே அடுப்புல வெச்சுட்டனுங்க" என்றார். பிறகு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார். "செம்மநத்தம் எஸ்டேட்டுல ஆறு வருசம் அந்தத் தொட்டிக்குள்ள எறங்கிக் கழுவுனவ நானுங்க மேஸ்திரி. முதல் மழையன்னைக்கே தெரியுமுங்க."

டம்ளரைப் படியில் வைத்தேன். "அப்புறம் ஏனுங்க ஐயாகிட்டச் சொல்லல?"

"நான் சொன்னா எடுபடுமுங்களா? கருவாட்டுக்காரி சாக்குச் சொல்றாம்பாரு. அன்னைக்கு நீங்க மேசைய மோந்து பாத்தப்ப உங்க மூஞ்சியப் பாத்தனுங்க. செரி, மேஸ்திரிக்கும் தெரிஞ்சு போச்சு, இன்னைக்குச் சொல்லீருவாரு, நாளைக்குச் சொல்லீருவாருன்னுட்டு நாலு மாசம் தொடச்சுக்கிட்டே இருந்தனுங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலை.

"டீ ஆறுதுங்க, குடிங்க" என்றார்.

அந்த மேசைதான் நீங்கள் மதியம் சாப்பிடுகிற மேசை. நான் அதை விற்கவில்லை, உடைக்கவுமில்லை, இன்றுவரை பாலிஷும் போடவில்லை. குனிந்து அடியில் பாருங்கள், 'காப்பித் தொட்டிப் பலகை' என்று உளியால் வெட்டியிருக்கிறேன். நம் பட்டறையிலிருந்து போகிற ஒவ்வொரு சாமானுக்கும் அடியில் அது எங்கே கிடந்த மரம் என்று எழுத வேண்டும் என்ற சட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்களாம், காளியப்பன் சொன்னார். சிரியுங்கள், ஆனால் எழுதுங்கள்.

இந்த வாரமும் மழை வரும்போலத்தான் இருக்கிறது. வாடை வந்தால் அந்த மூலைப் பக்கம் திரும்பாதீர்கள். அந்தப் பெண்களில் யாருக்கு என்ன தெரியும் என்று உங்களுக்குத் தெரியாது.